எழுபத்திரண்டு மணி நேரம்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க, எனக்கு ஒண்ணுமில்லைங்க. எங்க எறங்கறீங்க? கோயமுத்தூர் ஹோப்ஸா? நல்லதாப் போச்சு. நான் காந்திபுரம். ஹோப்ஸ் போக எப்படியும் ஒண்ணரை மணி நேரம் ஆகும். தூங்கற பழக்கம் இல்லைன்னா ஒரு உதவி பண்ணுங்க. இன்னைக்கு நான் ஒரு மேடையில பேசணும். பதினஞ்சு நிமிசம். ஊட்டுல பேசிப் பார்க்கலாம்னா கேக்கறதுக்கு ஆளில்லை. ஆளில்லைன்னா, இருக்கறாங்க. ஊட்டுக்காரி இருக்கறா, மகள் இருக்கறா. கேக்க மாட்டாங்க. நீங்க தெரியாத ஆளு, தெரியாத ஆளு கேட்டாத்தான் உள்ளதைச் சொல்லுவாங்க. எங்கயாச்சும் இழுவையா இருந்தா அங்கயே நிறுத்தச் சொல்லிருங்க.

என்ற பேரு சென்னியப்பனுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் இன்சார்ஜு. தைச்சு வர்ற பனியனைப் பிரிச்சுப் போட்டு, பிசிறு, ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் பார்த்து, நல்லதை ஒரு பக்கம், கழிவை ஒரு பக்கம் தள்ளற வேலை. எனக்குக் கீழ முப்பது பொம்பளைங்க பார்ப்பாங்க. அவங்க பார்த்து விட்டதை நான் ஒருக்காப் பார்ப்பேன். இருபத்தேழு வருசமா அதேதான். உங்க சட்டையில மூணாவது பொத்தானுக்குப் பக்கத்துல நூல் தொங்குது பாருங்க. அட, இழுத்துராதீங்க. கத்திரியில வெட்டோணும்.

சரி, ஆரம்பிக்கறேன். "அனைவருக்கும் வணக்கம். மனிதன் பழக்கத்தின் அடிமை…" வேண்டாம், அது மேடைக்கு. உங்களுக்குச் சாதாரணமாவே சொல்றேன். எது மேடையில வரும், எது வராதுன்னு நடுவுல சொல்லிக்கறேன்.

எல்லாம் ஒரு கேம்ல ஆரம்பிச்சதுங்க. கலர் கலரா கல்லு இருக்கும், நகர்த்தி வரிசையா வெச்சா ஒடையும், அவ்வளவுதான். மச்சினன் கல்யாணத்துல தாலி கட்ட நேரமிருக்குதேன்னு சும்மா தொட்டேன். ரெண்டு வருசத்துல ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதாவது லெவல். சிரிக்காதீங்க. கண்ணை மூடுனாக் கல்லு விழும். ஒருக்கா சரக்கு வாங்கற பையரோட ஆளு ஜெர்மனியில இருந்து வந்து காத்துட்டு இருக்கறாரு, நான் கம்பெனி கக்கூஸுக்குள்ள இருபது நிமிசம் உக்காந்து கல்லு ஒடைச்சுட்டு இருக்கறேன். வெளிய வந்தா முதலாளி அத்தனை பேரு முன்னாடி, "ஏஞ் சென்னியப்பா, லெவல் தாண்டியாச்சா?"ன்னாரு. முப்பது பொம்பளைங்களும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. மானம் போச்சு. அன்னைக்கே அழிச்சுட்டேன். இது மேடையில வருங்க. கேம்னு சொல்லுவேன், கக்கூஸைச் சொல்ல மாட்டேன்.

கேமை விட்டா கை சும்மா இருக்குமா? அப்பத்தான் இந்த வாட்ஸ்அப் குரூப்புல சேர்ந்தேன். எந்தப் பழக்கமா இருந்தாலும் இருபத்தொரு நாள் விடாமச் செய்யோணும், தெனமும் குரூப்புல டிக் போடோணும். ஒரு நாள் விட்டா மறுபடி ஒண்ணுல இருந்து. முதல்ல பச்சைத்தண்ணிக் குளியல். மார்கழியில. அப்புறம் சக்கரை இல்லாத காப்பி, எடது கையில பல்லு வெளக்கறது, பொழுதோட ஆறரைக்குள்ள சாப்புட்டு முடிக்கறது. எல்லாத்துலயும் முழு டிக்கு. நான் ஆறரைக்குச் சாப்புட்டா ஊட்டுல இருக்கறவங்களும் சாப்புட்டாகணும்ங்களே, ஒரு ஊட்டுல ரெண்டு அடுப்பா பத்த வெக்க முடியும்? என்ற ஊட்டுக்காரி சாந்தாமணி ஒரு நாள் கேட்டா, "ஏனுங்க, அடுத்தது என்ன, இருபத்தொரு நாள் மூச்சு விடாம இருக்கறதுங்களா?"ன்னு. அவளுக்கு நாக்கு அப்படி. அப்பல்லாம் அப்படிப் பேசுவா.

அப்புறமேட்டுக்குத்தான் பொட்டி வந்துச்சு.

மேடைக்கு எடுத்துட்டுப் போறேன், மேல கட்டப்பையில இருக்குது, எறக்கட்டுங்களா? வேண்டாமா? சரி. அரிசி அளக்கற படி இருக்குதுங்களே, அதுல ரெண்டு படி பிடிக்கற அளவு. பிளாஸ்டிக்கு, பால் கலர்ல, உள்ள இருக்கறது நெழலாத் தெரியும். மூடியில ஒரு சக்கரம். எத்தனை மணி நேரம்னு திருப்பி வெச்சு அமுக்குனா பூட்டிக்கும். அப்புறம் யாராலயும் தொறக்க முடியாது. சாவி கெடையாது, நம்பர் கெடையாது. நேரம் முடிஞ்சாத் தானாத் தொறக்கும். எனக்காகத்தான் வாங்குனேன். கேமை மறுபடி ஏத்திருவேனோன்னு ஒரு பயம். ஆனா நான் மட்டும் போனை வெச்சுட்டு உக்காந்திருக்க, அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல பார்த்துட்டு இருந்தா எப்படிங்க? ஞாயம்னு ஒண்ணு இருக்குதில்ல? அதனால மூணு போனும் உள்ள. முதல்ல ராத்திரி மட்டும். அடுத்தது இருபத்திநாலு மணி நேரம். மூணாவது லெவலு, எழுபத்திரண்டு. குரூப்புல நூத்தி அறுபது பேரு இருக்கறோம், குடும்பத்தோட எழுபத்திரண்டு முடிச்சது நான் ஒருத்தன்தான். அதுக்குத்தான் இன்னைக்கு மேடை.

என்ற மகள் மிருதுளா. ஒரே புள்ளை. அப்பப் பன்னெண்டாவது முடிச்சிருந்தா. அவளுக்கு அனிமேசன்னா உசுரு. பார்க்கறதுக்கு இல்லைங்க, செய்யறதுக்கு. போன்லயே விரல்ல வரைவா. ஒரு கை தூக்கற படம், அதைவிட நூலளவு மேல தூக்கற படம், அதைவிட நூலளவு மேல. ஒரு செகண்டுக்கு இருபத்திநாலு படம். நாள் பூரா வரைஞ்சா ரெண்டு செகண்டு வரும். நான் கேட்டேன், ஏங் கண்ணு, பத்தே படத்துல முடிக்கக் கூடாதான்னு. "பத்துல முடிச்சா அது நொண்டும்ப்பா"ன்னா.

காலேஜுக்கு அனுப்பறதுக்கு ஒரு படம் எடுத்தா. நாப்பது செகண்டு. ஒரு பொண்ணு செக்கிங் மேசையில உக்காந்து பனியன்ல தொங்கற நூலை வெட்டாம இழுக்கறா. பனியன் பிரியுது. இழுக்க இழுக்க மேசை பிரியுது, கூரை பிரியுது, தெருவே பிரியுது, அவ பாட்டுக்கு நூலை உருண்டையாச் சுத்திட்டே போறா. எனக்குப் போட்டுக் காட்டுனா. நான் மறுபடி போடச் சொன்னேன். மெதுவாப் போடச் சொன்னேன். முப்பத்தொண்ணாவது செகண்டுல கைக்கு ஆறு விரல் இருந்துச்சுங்க. ஒரே ஒரு படத்துல! கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும். "எப்பிடிப்பா பார்த்தீங்க?"ன்னு அப்படியே கட்டிப் புடிச்சுக்கிட்டா. திருத்திட்டு வந்து, "செக்கிங் சார், இப்பப் பாஸ் பண்ணுங்க"ன்னா. பாஸுன்னு சொல்லி அவ கையில குத்தறாப்புல ஒரு சீல் குத்துனேன். அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு மறுபடி வரலைங்க. சரி, விடுங்க, இது மேடையில இல்லை.

காலேஜு வடக்கே. ரயில்ல ரெண்டு நாள். சேர்றது பெரும்பாடு, ஆயிரக்கணக்குல எழுதி முப்பது பேரை எடுப்பாங்களாம். நான் வேண்டாம்னு சொன்னதே இல்லைங்க. அதைத் தெளிவாச் சொல்லிர்றேன். அப்ளிகேசன் பீஸ் நான்தான் கட்டுனேன். பரிட்சைக்கு நான்தான் கோயமுத்தூர் கூட்டிட்டு வந்தேன், இதே பஸ்தான். சாந்தாமணிகிட்ட ஒருக்கா, "அவ்வளவு தூரம் ஒரே புள்ளையைத் தாட்டிவிட்டுட்டு நம்ம ரெண்டு பேரும் மூஞ்சியை மூஞ்சியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறதா?"ன்னு கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். அதுக்கு அவ, "நம்ம மூஞ்சிக்காக அவ உக்காந்திருக்க முடியுங்களா?"ன்னா. நான் அதுக்கு மேல வேண்டாம்னு சொல்லவே இல்லை.

எழுபத்திரண்டைப் பத்திச் சொன்னதும் மகள் யோசிச்சா. "ரிசல்ட்டு புதன்கிழமைதானப்பா. வெள்ளி, சனி, ஞாயிறுன்னா பரவால்ல. வெச்சுக்கலாம்"ன்னா. எனக்காகத்தான் ஒத்துக்கிட்டா. டிக் போடறதுல எனக்கு எவ்வளவு சந்தோசம்னு அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பொழுதோட ஆறு மணிக்குப் பூட்டுனேன். திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தொறக்கும்.

சனிக்கிழமை அருமையாப் போச்சுங்க. மேடையில இதை விரிவாச் சொல்லுவேன். "நாங்கள் மூவரும் பல்லாங்குழி ஆடினோம், சேர்ந்து சமைத்தோம், மனம் விட்டுப் பேசினோம்." பல்லாங்குழி ஆடுனோம், உண்மைதான். சமைச்சது அவங்க. போனெல்லாம் சைலன்ட்ல வெச்சிருந்தேன். அப்பப்பப் பொட்டிக்குள்ள வெளிச்சம் வரும், போகும். பால் கலர்ல தெரியுமே. மத்தியானத்துக்கு மேல அது நிக்கவே இல்லை. சாந்தாமணி, "யாரோ விடாமக் கூப்புடறாங்க, என்ன அவசரமோ"ன்னா. மனசு அப்படித்தான் தூண்டும், தாண்டி வரோணும்னு சொல்லி ஒரு துண்டை எடுத்து மேல போட்டேன்.

ஞாயித்துக்கிழமை ரெண்டரை மணி இருக்கும். ஸ்கூட்டி வந்து நின்னுச்சு. ரிஸ்வானான்னு மகளோட சிநேகிதி, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பரிட்சை எழுதுனாங்க. செருப்பைக் கூடக் கழட்டாம உள்ள வந்து, "ஏன்டி, நேத்துல இருந்து கூப்புடறேன், எவளாச்சும் எடுக்கறீங்களா? லிஸ்ட்டு முன்னாடியே வந்துருச்சு. உன் நம்பர் இருக்குது"ன்னா. அவ நம்பர் அதுல இல்லைங்க. இல்லாதப்பவும் அந்தப் புள்ளை அவினாசியில இருந்து வெயில்ல வந்திருக்குது. மகள் அப்படியே குதிச்சா. என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "அப்பா, அப்பா"ன்னு. அப்புறம் ரிஸ்வானா சொன்னா, "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள காலேஜு வெப்சைட்டுக்குள்ள போயி, சேர்றேன்னு உறுதி பண்ணோணும்டி. இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

உள்ள போகணும்னா ஓடிபி வரோணும். ஓடிபி மகள் நம்பருக்கு வரும். நம்பர் பொட்டிக்குள்ள.

நாலு பேரும் பொட்டியைப் பார்த்தோம். இன்னும் இருபத்தேழு மணி நேரம்னு காட்டுது.

டூப்ளிகேட் சிம் வாங்கலாம்னு ரிஸ்வானா போனைப் போட்டுக் கேட்டா. வாங்குனாலும் மெசேஜ் வர ஒரு நாள் ஆகும்னுட்டாங்க. காலேஜுக்குப் போன் போட்டா அடிச்சுட்டே இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை யாரு எடுப்பா? சாந்தாமணி உள்ள போயி சுத்தியலை எடுத்துட்டு வந்தா. "கொடுங்க அந்தப் பொட்டியை"ன்னா. நான் எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்.

இந்த எடத்துல நீங்க என்னைத் தப்பா நெனைக்கக் கூடாதுங்க. நான் கத்தல. பொறுமையாத்தான் எடுத்துச் சொன்னேன். நாப்பத்தஞ்சு மணி நேரம் முடிஞ்சுருச்சு. இப்ப ஒடைச்சா அடுத்த தடவையும் ஒடைக்கத்தான் தோணும். எது வந்தாலும் அசையாம நிக்கறதுக்குத்தான இத்தனை நாள் பழகுனோம்? ஞாயித்துக்கிழமையில எந்த ஆபீசுங்க கெடு வெக்கும்? நாளைக்கு ஆறு மணிக்குத் தொறந்ததும் நானே பேசறேன், நானே எழுதிக் கேக்கறேன், ஒரு நாள் தர மாட்டாங்களான்னு சொன்னேன். கம்பெனியில சரக்கு ஒரு நாள் தள்ளிப் போனா பையர் ஒத்துக்கறாருங்களே. அதே மாதிரிதான்னு நெசமா நெனைச்சேன்.

மகள் முதல்ல கெஞ்சுனா. "அப்பா, வேற பொட்டி வாங்கிக்கலாம்ப்பா. நான் திங்கக்கிழமையில இருந்து நூறு மணி நேரம் வெக்கறேன். பிளீஸ்ப்பா"ன்னா. காலைப் புடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா. சாந்தாமணி சுத்தியலோட நிக்கறா. பொட்டி என்ற மடியில இருக்குது, எங்க அடிப்பா? என்ற தொடையிலயா? அடிச்சாலும் அடிப்பேன்னாப்புல நின்னா. நானும் எந்திரிக்கல. ஒண்ணுக்குப் போகணும், அடக்கிட்டு உக்காந்திருக்கறேன். எந்திரிச்சாப் புடுங்கிருவாங்களே. என்ற சொந்த ஊட்டுல, என்ற சொந்த நாற்காலியில கட்டிப் போட்ட மாதிரி உக்காந்திருந்தேன். நாலு மணி ஆச்சு. நாலேகால் ஆச்சு.

நாலரைக்கு மகள் எந்திரிச்சா. மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டா. "விடும்மா. அவரு தர மாட்டாரு"ன்னா. அப்பான்னு சொல்லல, கவனிச்சீங்களா? அவருன்னா. சமையக்கட்டுக்குப் போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சா. வந்து எனக்கு நேர் எதிர்ல உக்காந்து கடிகாரத்தையே பார்த்தா. அரை மணி நேரம். அஞ்சு அடிச்சதும் ரிஸ்வானா அழுதுட்டே போயிட்டா, இவ அழுகல.

மேடையில இதை எப்படிச் சொல்றேன்னு கேளுங்க. "நாற்பத்தைந்தாவது மணி நேரத்தில் ஒரு பெரிய சோதனை வந்தது. சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னது யார் தெரியுமா? என் மகள்." அங்க கை தட்டுவாங்க. குரூப்பு நடத்தறவரு கேட்டுட்டு, கண்ணுல தண்ணி வந்துருச்சுன்னாரு. பொய் இல்லைங்களே? சுத்தியலைக் கீழ வெக்கச் சொன்னது அவதானே.

திங்கக்கிழமை ஆறு மணிக்கு டிக்குன்னு ஒரு சத்தம், மூடி எந்திரிச்சுது. நான் கை தட்டுனேன். நான் மட்டுந்தான் தட்டுனேன். காலேஜுக்கு உடனே போன் போட்டேன், அவங்க இங்கிலீசுல ஏதோ சொன்னாங்க. எழுதியும் போட்டேன். சீட்டு வேற ஆளுக்குப் போயிருச்சுன்னு ரெண்டே வரியில பதில் வந்துச்சு.

இப்ப மகள் பக்கத்துல இருக்கற காலேஜுல பி.காம் படிக்கறா. காலேஜு பஸ்சு வாசல்லயே வந்து நிக்கும், நாலரைக்கெல்லாம் ஊட்டுல இருப்பா. எந்த வெசனமும் இல்லை. நல்ல மார்க்கு. வரையறதில்லை. கேட்டா நேரமில்லைங்கறா. போனை நான் சொல்லாமலே கொண்டாந்து பொட்டியில வெச்சுட்டுப் போயிர்றா. எடுக்கறதுக்குக் கூட ஞாபகம் இருக்கறதில்லை. பழக்கம் படிஞ்சுருச்சுன்னு மேடையில சொல்லுவேன். அடுத்த வருசம் மறுபடி எழுது கண்ணுன்னு சொல்லிப் பார்த்தேன். "அடுத்த வருசம் என்ன பண்ணப் போறீங்களோ"ன்னு சிரிச்சா. சிரிப்புன்னா, பல்லுத் தெரிஞ்சுது.

சாந்தாமணி சாப்பாடு ஆச்சுங்கறா, கேஸ் வந்துருச்சுங்கறா. வேற பேச்சில்லை. இன்னைக்கு இந்தச் சட்டையைத் தேய்ச்சுக் கொடுத்தா. எங்க போறேன், எதுக்குப் போறேன்னு தெரியும். காலர்ல ஒரு சுருக்கம் இல்லாமத் தேய்ச்சுக் கொடுத்தா பாருங்க. திட்டுனாக் கூடப் பரவால்லைங்க. எனக்கு அந்த ஊட்டுக்குள்ள உக்காந்திருக்கவும் முடியல, வெளிய எங்க போறதுன்னும் தெரியல. குரூப்புல தெனமும் எவனாச்சும் "சென்னியப்பன் அண்ணனைப் பாருங்க"ன்னு போடறான். மேடை வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னேன். நோட்டீசே அடிச்சுட்டாங்க.

இது நீலாம்பூரா? அப்ப இன்னும் சித்த நேரந்தான்.

ஒண்ணு கேக்கறேன். பேச்சு முடிஞ்சதும் அஞ்சு நிமிசம் கேள்வி வெச்சிருக்கறாங்க. யாராச்சும் எந்திரிச்சு, உங்களுக்கு முன்னாடியே தெரியாதாங்கன்னு கேட்டா என்ன சொல்றது? கேக்க மாட்டாங்க. சாந்தாமணியே கேக்கல. மகளும் கேக்கல.

அந்த வெள்ளிக்கிழமை மகள் தலைக்கு ஊத்திட்டு இருந்தா. போன் ஹால்ல சார்ஜ்ல கெடந்துச்சு. ஆறு மணி ஆகப் போகுது, நான்தான் எடுத்தேன். எடுக்கும்போது வெளிச்சம் வந்துச்சு. மேல ஒரு வரி. இங்கிலீசு எனக்கு அவ்வளவா வராதுங்க. கங்கிராஜுலேசன்ஸ்னு இருந்துச்சு. அது தெனமும் வர்றதுதானே? லோன்காரன் போடறான், லாட்டரிக்காரன் போடறான். அப்படித்தான் நெனைச்சேன். யாராச்சும் கேட்டாச் சொல்றதுக்கு அதையே இந்தச் சீட்டுல எழுதி வெச்சிருக்கறேன், பாருங்க.

பக்கத்துல ஒரு படம் இருந்துச்சு. சின்னதா, செவப்பா, வட்டமா. அந்தக் காலேஜு முத்திரை. ஆறு மாசமா அவ மேசைக்கு மேல ஒட்டி வெச்சிருந்த அதே வட்டம். தெனமும் காப்பி கொண்டு போயி வெக்கும்போது பார்க்கறதுதான். இருபத்தேழு வருசமாப் பிசிறு பார்க்கற கண்ணுங்க இது.

போனை உள்ள வெச்சேன். சக்கரத்தைத் திருப்பிட்டு இருக்கும்போதே பாத்ரூம்ல தண்ணிச் சத்தம் நின்னுச்சு. "அப்பா, வெச்சுட்டீங்களா?"ன்னு உள்ள இருந்து கேட்டா.

அப்ப இன்னும் அமுக்கலைங்க. அமுக்கறதுக்கு முன்னாடிதான் கேட்டா.

வெச்சுட்டேன் கண்ணுன்னு சொன்னேன்.